தலைக்கு மேலே போவது எது?

கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். நான்கு பேர் நாற்காலி போட்டு அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார்கள். தொலைவில் 'ர்ர்ரும்ம்' என்று ஓர் ஓசை கேட்கிறது. பேச்சு நின்றுவிடுகிறது.

"ஸ்பிட்பயர்!" என்கிறார் ஒருவர்.

"இல்லவே இல்லை. ஹரிக்கேன்!" என்கிறார் அடுத்தவர்.

"இரண்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுகிறார்" என்கிறார் மூன்றாமவர்.

நான்காமவர் பதில் சொல்லவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு, வானம் நன்றாகத் தெரியும் வேலியோரத்துக்கு ஓடிவிட்டார்.

இது நான் கற்பனையாக வரைந்த காட்சிதான். ஆனால் அந்த மாவட்டத்தில் இத்தகைய வாதம் நடக்காத கோடை கிடையாது. காரணம், அங்கே கோனிங்ஸ்பி என்னும் இடத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைப் பழுது பார்த்துப் பறக்கும் நிலையில் வைத்துக் காக்கிறது பிரிட்டிஷ் விமானப் படை. இந்தப் பிரிவு 1957 இல் தொடங்கியது. ஸ்பிட்பயர், ஹரிக்கேன், நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர், டகோட்டா ஆகியவை அங்கிருந்து கிளம்பி ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் பறந்து செல்லும். போகும் வழியில் யார் தலைக்கு மேலே போனாலும் அங்கே ஒரு வாதம் பிறக்கும்.

வாதத்தில் வெல்வது எப்படி? நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே பாதி வெற்றி காதில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

காது சொல்லும் சேதி

நம் தெருவில் புல்லட் மோட்டார் சைக்கிள் நின்றபடி உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். 'டக், டக், டக்' என்று ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக எண்ணிவிடலாம்போல் இருக்கும். அதற்கு ஒரே சிலிண்டர். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு தடவைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் 500 வெடிப்பு; அதாவது விநாடிக்கு எட்டுக்குச் சற்று மேல். விநாடிக்கு இருபதுக்கும் மேலாக வெடிப்புகள் நெருங்கி வந்தால் காதால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அவை ஒன்றாக இழைந்து ஒரு சுருதியாகிவிடும்.

ஸ்பிட்பயரின் புகழ்பெற்ற எஞ்சினுக்கு மெர்லின் என்று பெயர். பன்னிரண்டு சிலிண்டர்கள், ஆறு ஆறாக இரு வரிசையில், ஆங்கில 'வி' எழுத்தைப் போல் சாய்ந்து நிற்கும். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஆறு வெடிப்பு. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 200 வெடிப்பு! ஒவ்வொரு சிலிண்டரின் புகையும், ஓசை அடக்கும் குழாய் எதுவுமின்றி, குட்டையான குழாய் வழியே நேரே வெளியில் பாய்கிறது. அதனால்தான் அந்த எஞ்சினின் குரல் அவ்வளவு தெளிவாகவும் கம்பீரமாகவும் ஒலிக்கிறது.

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. ஹரிக்கேனுக்கும் அதே மெர்லின்தான். லங்காஸ்டருக்கும் அதே மெர்லின்தான், ஆனால் நான்கு. ஆகவே காதை மட்டும் நம்பி "ஸ்பிட்பயர்!" என்று பந்தயம் கட்டாதீர்கள்.

லங்காஸ்டரைக் காட்டிக்கொடுப்பது வேறொன்று. பள்ளியில் இரண்டு இசைக்கவைகளை வைத்து 'விம்மல்' சோதனை செய்தது நினைவிருக்கிறதா? அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால், ஓசை உயர்ந்தும் தாழ்ந்தும் விம்மும். ஓர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றும், பக்கத்து எஞ்சின் 2,010 சுற்றும் சுற்றினால், வெடிப்பு எண்ணிக்கை 200, 201 ஆகும். விளைவு, விநாடிக்கு ஒரு விம்மல். 'ஊம்ம்... ஊம்ம்... ஊம்ம்...' என்று கேட்டால் வருவது ஒற்றை எஞ்சின் விமானம் அன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். விமானி கெட்டிக்காரராக இருந்து எஞ்சின்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் விம்மல் மறைந்துபோகும். நம் வேலையைக் கெடுப்பதற்கென்றே சில விமானிகள் இருக்கிறார்கள்!

டகோட்டாவின் எஞ்சின் வேறு இனம். சிலிண்டர்கள் சூரியகாந்திப் பூவின் இதழ்களைப் போல் வட்டமாக நிற்கும். ஏழு ஏழாக இரண்டு அடுக்கு. காற்றாலேயே குளிர்விக்கப்படும் எஞ்சின் இது. ஓசையும் மெர்லினைப் போல் பட்டுத் துணியாக இராது. கொஞ்சம் கரகரப்பான, நிதானமான முழக்கம். நம் நாட்டுப் பெரியவர்களில் பலர் முதன்முதலில் கேட்ட விமான ஓசை இதுவாகத்தான் இருக்கும். 1953 இல் இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது அதனிடம் இருந்த விமானங்களில் பெரும்பாலானவை டகோட்டாக்களே.

ஹார்வர்டு என்னும் பயிற்சி விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே எஞ்சின் கொண்ட சிறிய விமானம். ஆனால் அது கிளம்பும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். குற்றவாளி எஞ்சின் அல்ல, முன்னால் சுழலும் விசிறி. மற்ற விமானங்களில் பற்சக்கரங்கள் விசிறியின் வேகத்தைக் குறைக்கும். ஹார்வர்டில் அந்த ஏற்பாடு இல்லை. எஞ்சின் எத்தனை சுற்றோ விசிறியும் அத்தனை சுற்று. விசிறியின் குறுக்களவு சுமார் 2.74 மீட்டர். கிளம்பும்போது நிமிடத்துக்கு 2,250 சுற்று. பெருக்கிப் பார்த்தால் விசிறியின் நுனி விநாடிக்கு 320 மீட்டருக்கு மேல் ஓடுகிறது! ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 மீட்டர். விசிறி நுனி ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிக்கும்போது காற்று கிழிபடும் சத்தமே அந்த அலறல்.

சுருதி வைத்து வேகம் சொல்லலாம்

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு விளையாட்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறியும், கடந்து போனதும் இறங்கியும் ஒலிக்கும். ரயில் ஊதலில் கேட்டிருப்பீர்கள். இதுவே டாப்ளர் விளைவு. தாழ்வாகப் பறந்து தலைக்கு நேரே கடக்கும் விமானத்தின் சுருதி எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள்.

'ப'வில் வந்து 'ச'வில் போகிறதா? இந்த இரண்டின் அதிர்வெண் விகிதம் 3:2. இரண்டு எண்களின் வித்தியாசம் 1, கூட்டுத்தொகை 5. ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் விமானத்தின் வேகம். விநாடிக்கு 68 மீட்டர், அதாவது மணிக்கு 245 கிலோமீட்டர். இது டகோட்டாவுக்குப் பொருத்தமான வேகம். மேல் 'ச'விலிருந்து கீழ் 'ச'வுக்கு, ஒரு முழு ஸ்தாயி இறங்கினால் விகிதம் 2:1. ஒலியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. மணிக்கு 408 கிலோமீட்டர். ஸ்பிட்பயர் விரைந்து போகும்போது இதைக் கேட்கலாம். அந்தர காந்தாரத்திலிருந்து 'ச'வுக்கு மட்டும் இறங்கினால் 5:4. ஒன்பதில் ஒரு பங்கு. மணிக்கு 136 கிலோமீட்டர். டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் அப்படித்தான் சாவகாசமாகப் போகும்.

காது கொடுத்த குறிப்போடு நிமிர்ந்து பார்க்கிறீர்கள். விமானத்தைக் காணோம்! ஓசை வந்த திசையில் பார்த்ததுதான் பிழை. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஓசை நம்மை வந்தடைய மூன்று விநாடி ஆகிறது. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 300 மீட்டர் முன்னே போய்விட்டது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் இன்றைய ஜெட் விமானமென்றால் அரை நிமிடத்துக்கு முந்தைய ஓசையைத்தான் கேட்கிறீர்கள். விமானம் ஏழு, எட்டுக் கிலோமீட்டர் முன்னால் இருக்கும். ஓசைக்கு முன்னே பாருங்கள். வேலியோரம் ஓடிய அந்த நான்காமவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கண் சொல்லும் சேதி

விமானத்தை அடையாளம் காண இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற நான்கையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று போர்க் காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஸ்பிட்பயரின் இறக்கை நீள்வட்ட வடிவம். வெற்றிலையைப் பாதியாக மடித்ததுபோல் வளைந்து வளைந்து குறுகும். ஹரிக்கேனின் இறக்கை தடிமனானது. ஓரங்கள் நேராக ஓடி நுனியில் மட்டும் வட்டமாகும். முதுகும் கூனல். இறங்கும்போது சக்கரங்களைக் கவனித்தால் சந்தேகமே வராது. ஹரிக்கேனின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்குபவை. ஆகவே கீழிறக்கும்போது கால்களை அகட்டி உறுதியாக நிற்கும். ஸ்பிட்பயரின் சக்கரங்கள் வெளிநோக்கி மடங்குபவை. நிற்கும்போது கால்களை ஒடுக்கிக்கொண்டு சற்றுத் தள்ளாடினாற்போல் தோன்றும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சில ஸ்பிட்பயர்களுக்கு இறக்கை நுனியை வெட்டிச் சதுரமாக்கியிருந்தார்கள். பந்தயத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த நுனி வெட்டியவற்றிடம்தான் தோற்பார்கள்.

அழகில் ஸ்பிட்பயருக்கு ஈடில்லை. ஆனால் 1940 இல் பிரிட்டன் வானில் நடந்த பெரும் போரில் அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன்தான். அதற்குக் கிடைக்க வேண்டிய பேரைத் தோழி தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பது என் எண்ணம்.

நான்கு எஞ்சின், வாலில் இரண்டு செங்குத்துத் தகடுகள். லங்காஸ்டர்தானே? அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் லிபரேட்டருக்கும் அப்படியே உண்டு. லிபரேட்டரின் இறக்கை மெலிந்து நீண்டு, பருத்த உடலின் உச்சியில் பொருந்தியிருக்கும். எஞ்சின்கள் வட்ட முகம். லங்காஸ்டரின் இறக்கை உடலின் நடுவில். எஞ்சின்கள் கூர் முகம்.

லிபரேட்டர் கதையில் நமக்கும் பங்கு உண்டு. போர் முடிந்ததும் கான்பூரில் பல லிபரேட்டர்கள், மறுபடி பறக்க முடியாதபடி சிதைத்து விடப்பட்டன. பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அவற்றில் பலவற்றைச் செப்பனிட்டுப் பறக்கவைத்துவிட்டார்கள்! இந்திய விமானப் படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே பழைய இரும்பாகிப்போன பிறகு, அருங்காட்சியகத்தார் தேடி வந்த இடம் இந்தியா. 1974 இல் ஒன்று பறந்தே பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று பல கை மாறி அமெரிக்கா சென்று, புதுப்பிக்கப்பட்டு, 1989 இல் மீண்டும் பறந்தது. அதை அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி மகிழ்ந்த அமெரிக்கர்களில் எத்தனை பேருக்குக் கான்பூரைத் தெரியுமோ!

டகோட்டாவுக்கு ஓர் எளிய அடையாளம்: இறக்கையின் முன் ஓரம் பின்னோக்கிச் சாயும், பின் ஓரம் ஏறக்குறைய நேராக நிற்கும். சக்கரங்களை மடக்கிய பிறகும் அவற்றின் அடிப்பகுதி வெளியே எட்டிப் பார்க்கும். ரைட் சகோதரர்கள் பறந்த அதே டிசம்பர் 17 ஆம் நாளில், 32 ஆண்டுகள் கழித்து 1935 இல் இதன் மூல விமானம் முதன்முதலாகப் பறந்தது. 1947 அக்டோபர் 27 அன்று நம் படையினரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவை டகோட்டாக்கள். அதன் நினைவாக, பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்ட ஒரு டகோட்டா, வி.பி. 905 என்ற எண்ணுடன் 2018 இல் இந்திய விமானப் படைக்கு வந்து சேர்ந்தது.

விளையாட்டாக இல்லாத காலம்

1939 செப்டம்பர் 6. பிரிட்டன் போரில் இறங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. தேம்ஸ் நதி முகத்துவாரத்தை நோக்கி எதிரி விமானங்கள் வருவதாகத் தகவல். ஹரிக்கேன்கள் கிளம்பின. அவற்றுக்குச் சற்றுப் பின்னால், தனியாக இரண்டு ஹரிக்கேன்கள். வேறொரு தளத்திலிருந்து கிளம்பிய ஸ்பிட்பயர் விமானிகள் அந்த இரண்டையும் கண்டார்கள், எதிரி என்று நினைத்தார்கள், சுட்டார்கள். இரண்டும் விழுந்தன. மாண்டேகு ஹல்டன்-ஹாராப் என்ற இளம் விமானி இறந்துபோனார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமான விமானி அவர்தான். ஸ்பிட்பயர் சுட்டு வீழ்த்திய முதல் விமானமும் ஒரு ஹரிக்கேனே. அன்று எதிரி எவரும் வரவேயில்லை. சுட்டவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமில்லை என விடுவிக்கப்பட்டார்கள்.

தோட்டத்து நாற்காலியில் இருந்து "ஸ்பிட்பயர்! ஹரிக்கேன்!" என்று வாதிடுவதற்கும், வானில் கால் நிமிடத்துக்குள் அதையே முடிவு செய்வதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ராடார் இருந்ததே என்பீர்கள். 1940 இல் பிரிட்டனின் ராடார் கோபுரங்கள் கடலை நோக்கியே நின்றன. விமானம் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதைத் தொடர்ந்து காண்பது கண்காணிப்பாளர் படையின் கண்ணும் காதும் மட்டுமே. இவர்கள் படை வீரர்கள் அல்லர். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள். குன்றுகளிலும் வயல்களிலும் மணல் மூட்டை அடுக்கி, இரவும் பகலும் மாறி மாறி நின்று, என்ன விமானம், எத்தனை, எவ்வளவு உயரம், எந்தத் திசை என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரவிலும் மேகத்திலும் ஓசைதான் துணை. 1941 இல் அரசர் அந்தப் படைக்கு 'ராயல்' பட்டம் அளித்தார்.

அமெரிக்காவில் 1942 இல் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. கடற்படைக்கு ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் தேவை! மரத்தில் செதுக்கி, கறுப்பு வண்ணம் பூசி அனுப்பினார்கள் பிள்ளைகள். அளவு 72 இல் ஒரு பங்கு. பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் மாதிரியைப் பார்த்தால், 720 மீட்டர் தொலைவில் உண்மை விமானம் எப்படித் தோன்றுமோ அப்படியே தோன்றும். இது போதாதென்று சீட்டுக்கட்டிலும் நிழலுருவங்களை அச்சிட்டார்கள். வீரர்கள் சீட்டாடிக்கொண்டே விமானம் படித்தார்கள்.

இதற்குள் ஓர் உண்மை வெளிப்பட்டது. இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதற்குள் விமானம் போய்விடுகிறது! ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் சாமுவேல் ரென்ஷா வேறு வழி கண்டார். விமானத்தின் படத்தைத் திரையில் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக, விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை குறைத்துக் காட்டிப் பழக்கினார். உறுப்புகளை எண்ண அவகாசமே இல்லை. முழு உருவமும் ஒரே பிடியில் மனத்தில் விழ வேண்டும். தெருக்கோடியில் வரும் நண்பரை மூக்கையும் காதையும் பார்த்தா அறிகிறோம்? நடையைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது அல்லவா?

அப்படியும் பிழைகள் நின்றுவிடவில்லை. 1943 ஜூலை 11 இரவு, சிசிலித் தீவுக்கு மேலே, பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் வந்தன. அவை டகோட்டா இனத்தவை. சற்று முன்புதான் எதிரி வந்து குண்டு வீசிவிட்டுப் போயிருந்தான். கப்பல்களிலும் கரையிலும் இருந்த சொந்தப் பக்கத்துப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஒருவர் சுட, அதைக் கண்டு மற்றவர் சுட்டனர். 23 விமானங்கள் வீழ்ந்தன.

அடுத்த ஆண்டு பிரான்ஸில் படை இறங்கியபோது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1944 ஜூன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு என ஐந்து பட்டைகள் அவசர அவசரமாகப் பூசப்பட்டன. இன்றும் திருவிழாக்களில் பறக்கும் டகோட்டாக்களில் வரிக்குதிரைபோல் இந்தப் பட்டைகளைக் காணலாம். அவை அலங்காரம் அல்ல. கப்பல்களிலும் பீரங்கிக்குப் பக்கத்தில் விமானம் அறிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. கண்காணிப்பாளர் படையிலிருந்து சுமார் 800 பேர் முன்வந்தார்கள். வயதானவர்கள் பலர். "சுடாதே, அது நம்முடையது" என்று உரிய நேரத்தில் சொல்வதே அவர்கள் வேலை.

'நண்பனா, பகைவனா?' என்று ரேடியோ அலையால் கேட்டுப் பதில் பெறும் கருவியும் போர்க் காலத்திலேயே வளர்ந்தது. இன்றைய பயணி விமானங்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமே ஒலிபரப்பிக்கொண்டு போவது அதன் வாரிசு முறையில்தான். கைபேசியை எடுத்தால் தலைக்கு மேலே போவது எந்த ஊர் விமானம் என்று தெரிந்துவிடும். பழைய விமானங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கருவி இருக்காது. ஆகவே தோட்டத்து வாதங்களுக்கு இன்னும் ஆபத்தில்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு எஞ்சின்கள். இறக்கை, உடலோடு ஒட்டாமல், குடையைப் போல் ஒரு தூணின் மேல் உயர்ந்து நிற்கிறது. அடிப்பகுதி படகு. பறக்கும்போது இறக்கையின் நுனியாக இருப்பதே, இறங்கும்போது கீழே மடங்கி மிதவையாகிவிடுகிறது. எந்த விமானம்?

காட்டலினா. தண்ணீரில் இறங்கும் இந்த விமானங்கள் போர்க் காலத்தில் சென்னையை அடுத்த செங்குன்றத்துப் புழல் ஏரியிலிருந்துதான் வங்காள விரிகுடாவைக் காவல் காக்கப் புறப்பட்டன. அந்தப் பக்கம் தொண்ணூறு வயதுப் பெரியவர் யாராவது இருந்தால், சிறு வயதில் ஏரியில் விமானம் இறங்கியதைப் பார்த்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.